மிக்சர்ல நிக்கிறவனுக்குக் காது கேக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? – ஒலி ஒளி சங்கத்து அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

எங்க மாவட்ட ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்துத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளர், பொருளாளர் அண்ணன்மாருக்கும், சங்கத்துல இல்லாட்டியும் சொந்தமா நாலு ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டு ஆம்ப்ளி வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கிற எல்லா ஓனர்மாருக்கும் வணக்கம்.

பேரு போடல. போடாட்டியும் உங்கள்ல பாதிப் பேரு கண்டுபிடிச்சிருவீங்க, மதுரைக்குத் தெக்க முப்பது வருசமா எல்லா ஊர் பொங்கலுக்கும் கேபிள் இழுத்தவன்தான், உங்க பொண்ணு கல்யாணத்துக்குக்கூட மிக்சர்ல (மைக்கு, வாத்தியம் எல்லாத்தையும் சேத்துச் சத்தத்தை ஏத்தி இறக்குற பலகை) நான் நின்னிருப்பேன். எனக்கு ரெண்டு காதும் சரியில்ல. இதை நான் ஆறு வருசம் மறைச்சேன், இப்ப மறைக்கல, மறைக்காம விட்டதுனால வேலை பாதியாக் குறைஞ்சு போச்சு, ஆனா இந்த மடல் அதைச் சொல்லி அழுகுறதுக்கு இல்ல.

போன பங்குனியில ஒரு ஊர்ல ஆடல் பாடல் முடிஞ்சு விடியக்காலம் மூணு மணிக்கு ஒயர் சுத்திக்கிட்டு இருந்தோம். நம்ம செட்டுப் பையன் ஒருத்தன், 19 வயசு, பக்கத்துல வந்து உக்காந்து "அண்ணே, உங்களுக்குக் காதுக்குள்ள கொய்ய்ங்னு கேக்கும்னு சொன்னீங்கள்ல, எனக்கும் ஒரு வருசமா கேக்குது, தூங்க விட மாட்டேங்குது, ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே"ங்குறான். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்க விடல. கொய்ங்னு கேக்குறதை விட ஓனருக்குத் தெரிஞ்சிருமோங்கிற பயம் அவனுக்கு பெருசா இருக்கு. நானும் அப்படித்தான் இருந்தேன். நம்ம தொழில்ல எல்லாருமே அப்படித்தான் இருக்கோம்னு நினைக்கிறேன், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறதில்ல, அவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்தது 1995-ல, அரைப்பரிச்சை லீவுல, 14 வயசு. அப்ப எல்லாம் குழா ஸ்பீக்கர்தான். புளியமரத்து உச்சியில ஏறி குழாயைக் கட்டிட்டு இறங்குறதுக்குள்ள கீழ ஓனரு "கேக்குதாடா"ன்னு பாட்டைப் போட்டு விட்டுட்டாரு, குழாய் வாய் என் இடது காதுல இருந்து ஒரு முழம்கூட இல்ல. மரத்துல இருந்து விழாதது சாமி புண்ணியம். அன்னைக்குப் பூரா எல்லாரும் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்துச்சு, மறுநாள் சரியாயிருச்சு. ஓனரு சிரிச்சுக்கிட்டே "பழகிரும்டா"ன்னாரு. அவரு கெட்டவரு இல்ல, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க, கடைசி காலத்துல அவருகிட்ட பேசணும்னா கத்தித்தான் பேசணும்.

பழகலண்ணே. அது பழகுறதே இல்ல. காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒன்னு இருக்கு, அதுக்குள்ள மெல்லிசா மயிர் மாதிரி வச்ச செல்லுங்க ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்கு, அதிகச் சத்தத்துல அது சாஞ்சு படுத்துக்கிடும், ஓய்வு கொடுத்தா எந்திரிக்கும், மறுபடி மறுபடி அடிச்சா எந்திரிக்காது, செத்துரும். மனுசனுக்கு அது திரும்ப முளைக்காது. மறுநாள் காது தெளியுதே, அதை நம்ம "சரியாயிருச்சு"ன்னு நினைச்சுக்கிறோம். அந்த 'சரியாயிருச்சு'லதான் முப்பது வருசம் ஓடிருச்சு.

எனக்கு முதல்ல போனது சில்வண்டு. நெசமாத்தான். 2013 வாக்குல இருக்கும், நைட்டு ஷோ முடிஞ்சு கம்மாக்கரையில உக்காந்திருந்தப்ப கூட இருந்தவன் "இந்தச் சில்வண்டு என்னா கத்து கத்துது"ன்னான், எனக்கு ஒன்னுமே கேக்கல, சும்மா ஆமாம்னு தலையாட்டினேன். சத்தம் எவ்வளவு கீச்சுனு இருக்குன்னு சொல்ற அளவு ஹெர்ட்ஸ், சில்வண்டு கத்துறது 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கம், நம்ம பாசையில 4 கே, 5 கே. சத்தத்துல போற காது முதல்ல ஓட்டை விழுறதும் அந்த 4 கே பக்கத்துலதான், காது டெஸ்ட்ல கொடுக்கிற ஆடியோகிராம் பேப்பர்ல பாத்தா கோடு நேரா வந்து 4 கே-ல கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இறங்கி 8 கே-ல கொஞ்சம் ஏறும். வேடிக்கை என்னன்னா வெளியில சில்வண்டு போன அதே நேரத்துல உள்ளுக்குள்ள ஒரு சில்வண்டு வந்து உக்காந்துக்கிச்சு, அது இன்னிக்கு வரைக்கும் நிறுத்தல.

அடுத்தது பேச்சு. சத்தம் கேக்கும், சொல்லு புரியாது. வீட்ல "தட்டு எடுங்க"ன்னா "கட்டு எடுங்க"ன்னு கேக்கும், எந்தக் கட்டுன்னு முழிச்சுக்கிட்டு நிப்பேன். உயிரெழுத்து எல்லாம் கீழ் ஃப்ரீக்வென்சியில இருக்கு, அது நல்லா வரும், மெய்யெழுத்தோட அந்த சின்னச் சின்ன உரசலும் தட்டலும்தான் மேல இருக்கு, அது போயிருச்சுன்னா ஆளு பேசுறது தெரியும், என்ன பேசுறாருன்னு தெரியாது. வீட்ல என்னைத் திமிரு பிடிச்சவன்னு நினைச்சாங்க. கூப்பிட்டா திரும்பிப் பாக்குறதில்லன்னு.

இப்ப நான் உங்ககிட்ட சொல்ல வந்த விசயத்துக்கு வரேன். 2015-ல நான் வேலை பாத்த செட்டுல டிஜிட்டல் மிக்சர் வாங்குனாங்க, என்னைத்தான் அதுல நிப்பாட்டினாங்க, எனக்கும் பெருமை. காது அப்பவே போயிக்கிட்டு இருந்துச்சு, யாருகிட்டயும் சொல்லல. எனக்குப் பாட்டு மங்கலா, கம்பளியைப் போட்டு மூடுன மாதிரி கேட்டுச்சு. நான் என்ன பண்ணேன்? 4 கே-யைத் தூக்குனேன். வாய்ஸ்ல தூக்குனேன், கீபோர்டுல தூக்குனேன், மெயின்லயே தூக்குனேன். எனக்கு அப்பத்தான் "தெளிவா" இருந்துச்சு. முன்வரிசையில உக்காந்திருந்த பொம்பளைங்க காதைப் பொத்துறாங்க, நான் குளிருக்கு முந்தானையைப் போத்துறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு கச்சேரியில மைக்கு மெல்லிசா விசிலடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, அஞ்சு நிமிசம், பாடுற அம்மா என்னைப் பாத்து முறைக்கிறாங்க, கைகாட்டுறாங்க, எனக்கு அந்த விசில் கேக்கவே இல்ல. மானிட்டர், அதான் பாடுறவங்க தன் குரலைக் கேக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர், கம்மியா இருக்குன்னு சொல்றாங்க போலன்னு அதை ஏத்தி விட்டேன். அப்புறம் அந்த விசில் எவ்வளவு பெருசா ஊளையிட்டிருக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம்.

யோசிச்சுப் பாருங்கண்ணே. காது போனதைச் சொல்லாம ஒருத்தன் மிக்சர்ல நின்னான்னா அவன் கெட்டதோட நிக்கல, அவனுக்குக் கேக்காததைக் கேக்க வைக்கிறதுக்கு ஏத்துவான், முன்னாடி உக்காந்திருக்கிற 2,000 பேரு காதுல அந்த ஏத்தம் விழும், பாக்ஸ் பக்கத்துல நிக்கிற நம்ம பையன் காதுல இன்னும் ஜாஸ்தியா விழும், அவனுக்கும் போகும், அவனும் நாளைக்கு மிக்சர்ல நிப்பான், அவனும் ஏத்துவான். நம்ம ஊர் சவுண்டு வருசத்துக்கு வருசம் ஏன் கீச்சுனு ஏறிக்கிட்டே போகுதுன்னு எல்லாரும் ஓனருக்குள்ள போட்டி, பாக்ஸ் போட்டின்னு சொல்றாங்க, அதுவும்தான், ஆனா இதையும் சேத்துக்கணும்னு என் கணக்கு.

நான் பிடிபட்டது கொரானா லீவுல. வேலை இல்ல, வீட்டம்மா தொந்தரவு தாங்காம கவர்மெண்டு ஆஸ்பத்திரி போய் காது டெஸ்ட் எடுத்தேன், கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு ஹெட்போன் மாட்டி பட்டன் கொடுத்து கேட்டா அமுக்குன்னாங்க. நான் அமுக்கவே இல்லாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், மெசினு வேலை செய்யலன்னு நினைச்சேன். வலது காது 4 கே-ல 50 டிபி, இடது 60. டிபின்னா டெசிபல், சத்தத்தோட அளவு, டெஸ்ட்ல இந்த நம்பர் ஏற ஏற காது மந்தம்னு அர்த்தம். குழா கட்டின இடது. 500, 1000, 2000 எல்லாம் ஓரளவு நல்லாத்தான் இருக்கு. டாக்டரம்மா என்ன வேலைன்னு கேட்டாங்க, சொன்னேன், பேனாவை வச்சுட்டு என்னையே பாத்தாங்க.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016-ன்னு ஒன்னு இருக்கு, அதுல காது மந்தம்னா ரெண்டு காதும் பேச்சு ஃப்ரீக்வென்சியில 60-ல இருந்து 70 டிபி போயிருக்கணும். எனக்குப் போனது பெரும்பாலும் மேல இருக்கிற இடம், மொத்தமாச் சேத்துப் பாத்தா அந்த அளவுக்கு வராது. அதனால சர்டிபிகேட் கிடையாது. ஃபேக்டரிச் சட்டத்துல சத்தத்துனால காது போறது தொழில் நோய் பட்டியல்ல இருந்துச்சு, பழைய 1948 சட்டம், ஆனா நம்ம பொட்டலும் கோயில் வாசலும் ஃபேக்டரியா? அரசு வேலையில இருக்கிறவனுக்கு சர்வீஸ்ல இருக்கும்போது ஊனம் வந்தா வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு அதே 2016 சட்டத்துல இருக்கு, நமக்கு அதுவும் இல்ல. ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு 2000-ம் வருச ரூல்ஸ் இருக்குல்ல, அதை வச்சுத்தானே போலீஸ் வந்து நம்ம ஆம்ப்ளியைத் தூக்குது, அதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் தூக்கத்துக்கு. நியாயம்தான், நான் தப்பு சொல்லல. ஆனா பாக்ஸுக்கு அந்தப் பக்கம் 200 மீட்டர்ல இருக்கிற காதுக்கு ஒரு சட்டம் இருக்கு, பாக்ஸுக்கு ஒரு அடியில இருக்கிற நம்ம காதுக்கு ஒன்னும் இல்ல. நம்மளப் பாத்துக்க சங்கத்தை விட்டா வேற நாதி இல்ல, அதான் கலெக்டருக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன்.

காது மெசினு வாங்குனேன், ரெண்டுக்கும் சேத்து 70,000 ரூவா, நகை பேங்க்ல இருக்கு இன்னும். மாட்டிக்கிட்டு முதல் தடவை செட்டுக்குப் போனேன், அன்னைக்கே ஒரு ஓனரு (யாருன்னு சொல்ல மாட்டேன், இதைப் படிச்சா அவருக்குத் தெரியும்) "என்னப்பா மெசினு மாட்டிக்கிட்டு மிக்சர்ல நிக்கிற, செட்டை புக் பண்ண பார்ட்டி பாத்தா என்ன நினைப்பான், நீ இன்னிக்கு ஜெனரேட்டரைப் பாத்துக்க"ன்னுட்டாரு. ஜெனரேட்டரை! காது சரியில்லாதவனை செட்டுலயே சத்தம் ஜாஸ்தியா இருக்கிற இடத்துல கொண்டு போயி உக்கார வச்சாரு. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, அப்புறம் சிரிப்பு வரல. மெசினு மாட்டாம ஆறு வருசம் ஊரு காதைக் கிழிச்சப்ப நான் நல்ல இன்ஜினியரு, என்ன கோளாறுன்னு பேப்பர்ல தெரிஞ்சு கையில வச்சிருக்கும்போது ஜெனரேட்டரு.

சரி, மெசினு மாட்டிக்கிட்டு மிக்ஸ் பண்ண முடியுமான்னு கேப்பீங்க. ஷோ ஓடும்போது நான் மெசினை மாட்டுறதே இல்ல. அது பேச்சுக்குச் செஞ்சது, அவ்வளவு சத்தத்துல உள்ள இருக்கிற மைக்கே உடைஞ்சு கரகரங்கும். புல்லாங்குழல்காரரு ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடிச்சாருன்னா மெசினு அதைத் தன்னோட விசில்னு நினைச்சு அமுக்கப் பாக்கும், நேரா போற ஸ்வரம் குளிர்ல நடுங்குற மாதிரி கேக்கும். மியூசிக்னு தனியா ஒரு செட்டிங் போட்டு அந்த அமுக்குறதை எல்லாம் ஆஃப் பண்ணிக் கொடுக்கச் சொல்லணும், சொன்னாத்தான் பண்ணுவாங்க. நான் மெசினை மாட்டுறது பார்ட்டிகிட்ட பேசுறப்ப, பாடுறவங்க மேடையில இருந்து என்ன கேக்குறாங்கன்னு புரிஞ்சுக்கிறப்ப, சவுண்டு செக்குல. ஷோவுல கழட்டிட்டு, சத்தத்தைக் குறைக்கக் காதுல வைக்கிற பிளக்கை மாட்டிருவேன்.

அப்புறம் எப்படி மிக்ஸ் பண்றேன்? இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல, நானே தட்டித் தடவிக் கண்டுபிடிச்சது. எனக்கு உலகம் பூரா மங்கலாத்தான் கேக்கும், அதுதான் எனக்கு நார்மலு. நல்ல மிக்ஸும் மங்கலாத்தான் கேக்கும். முன்னாடி நான் பண்ண தப்பு அந்த மங்கலைச் சரி பண்ணப் பாத்தது. இப்ப சவுண்டு செக்குக்கு முன்னாடி எனக்கு நல்லாத் தெரிஞ்ச மூணு பாட்டைப் போட்டுக் கேப்பேன், அதே மங்கல்ல நம்ம பேண்டும் கேக்குதான்னு மட்டும் பாப்பேன், அதுக்கு மேல ஒரு டிபிகூட தூக்க மாட்டேன். 3 கே-க்கு மேல என் காதை நான் நம்புறதே இல்ல, ஸ்கிரீன்ல ஆர்.டி.ஏ ஓடுது, எந்த ஃப்ரீக்வென்சியில எவ்வளவு சத்தம்னு கம்பி கம்பியாக் காட்டும், விசில் கிளம்புச்சுன்னா அதுல ஒரு கம்பி ஊசி மாதிரி நிக்கும், கேக்குறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டுரும். கடைசியா காது நல்லா இருக்கிற ஒரு பையனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு "மேல கீச்சுனு இருக்கா, உரசுதா"ன்னு கேட்டுக்கிறேன். அவன் காது, என் முப்பது வருசம். எந்த வாத்தியம் எங்க நிக்கணும், எந்தப் பாட்டுக்கு எப்ப எக்கோவைத் திறக்கணும், தவில்காரரு எந்த இடத்துல அடியை ஏத்துவாருங்கிறதெல்லாம் காதுல மட்டுமா இருக்கு?

உடனே யாராச்சும் காது கேக்காமலே மியூசிக் எழுதுன பீத்தோவன் கதையை ஆரம்பிச்சிருவாங்க, வேணாம், அவரு எழுதுனாரு, மிக்சர்ல நிக்கல. எனக்குப் பிடிச்சது எடிசன் கதை. 1877-ல சத்தத்தைப் பதிஞ்சு திரும்பப் பாட வைக்கிற முதல் மெசினை, அதான் போனோகிராப், செஞ்ச மனுசனுக்குச் சின்ன வயசுல இருந்தே காது மந்தம், போனோகிராப் பொட்டி மரத்தைப் பல்லால கடிச்சுக்கிட்டு எலும்பு வழியாப் பாட்டுக் கேட்டாராம். நம்ம தொழிலுக்கே அப்பன் அவருதான். அவரை எந்த ஓனரும் ஜெனரேட்டர் பாக்கச் சொல்லல.

இப்ப கணக்கு ஒன்னு சொல்றேன், இதை மட்டும் பசங்ககிட்ட சொல்லுங்க. அமெரிக்காவுல வேலை செய்றவங்க பாதுகாப்புக்குன்னு நியாஷ்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு, அவங்க கணக்குல 85 டிபி சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டிபி ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்கு வெறும் 15 நிமிசம். போன மாசம் ஒரு ஆடல் பாடல்ல நான் மீட்டரை வச்சு பாக்ஸுக்குப் பக்கத்துல, நம்ம பையன் ஒயரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல பாத்தேன், 108. கணக்குப்படி ரெண்டரை நிமிசம்கூட இல்ல. அவன் அஞ்சு மணி நேரம் நின்னான். அப்புறம் பேஸ் பாக்ஸுக்குப் பின்னாடி துண்டை விரிச்சு அங்கேயே தூங்குனான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல நிகழ்ச்சிகளுக்குன்னு ஒரு அளவு சொல்லியிருக்கு, கூட்டம் இருக்கிற இடத்துல 15 நிமிச சராசரி 100-ஐத் தாண்டக் கூடாது, சத்தத்தை அளந்துக்கிட்டே இருக்கணும், வர்ற சனங்களுக்கு காது பிளக் கொடுக்கணும்னு. நம்ம சனத்துக்கு எல்லாம் கொடுக்க முடியாது, நம்ம நாலு பசங்களுக்குக் கொடுக்கலாம்ல?

பஞ்சு வேணாம்ணே, பஞ்சு பெருசா ஒன்னும் தடுக்காது, மனசுக்குத்தான் ஆறுதல். மஞ்சக் கலர் நுரை பிளக் பத்து இருவது ரூவாதான், மேல் சத்தத்தை ஜாஸ்தியா வெட்டும், மிக்ஸ் பண்றவனுக்கு ஆகாது, ஆனா ஒயர் பாக்குற பையனுக்கும் ஜெனரேட்டர் பாக்குறவனுக்கும் அது போதும். மிக்சர்ல நிக்கிறவனுக்கு எல்லாச் சத்தத்தையும் சமமாக் குறைக்கிற பிளக் இருக்கு, நான் வாங்குனது 1,800 ரூவா. ஒரு ஹாரன் டயாபிரம், அதான் ஸ்பீக்கருக்குள்ள அதிர்ற தகடு, போச்சுன்னா யோசிக்காம மாத்துறோம், அதை விட இது விலை கம்மி. டயாபிரத்துக்குக் கடையில ஸ்பேர் இருக்கு.

நான் கேக்குறது இதுதான். காது சரியில்லன்னு வந்து சொல்ற பையனை வேலையை விட்டு எடுக்க மாட்டோம்னு சங்கம் சேர்ந்து ஒரு தீர்மானம் போடுங்க. தனி ஓனரால இது முடியாது, எனக்குத் தெரியும், ஒருத்தர் வச்சுக்கிட்டா இன்னொருத்தர் பார்ட்டிகிட்ட போயி "அவன் செட்டுல செவிட்டுப்பய நிக்கிறான்"னு சொல்லி ஆர்டரைத் தட்டிருவாரு, அதனாலதான் எல்லாரும் சேர்ந்து போடணும்ங்கிறேன். தீர்மானம் இல்லாம டெஸ்ட் மட்டும் வச்சீங்கன்னா ஒரு பய வர மாட்டான், நானா இருந்தாலும் வர மாட்டேன். டெஸ்ட் பேப்பரும் அவனவன் கையிலதான் போகணும், ஓனர் கைக்குப் போகக் கூடாது. லாரி டிரைவருக்குக் கண் டெஸ்ட் இருக்கு, கண்ணாடி மாட்டிக்கிட்டு ஓட்டுறான், யாரும் வண்டியை விட்டு இறங்கச் சொல்றதில்ல.

அந்த 19 வயசுப் பையனை நான் கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுத்துட்டேன். 4 கே-ல 30. இன்னும் பெருசாப் போகல. பிளக் வாங்கிக் கொடுத்திருக்கேன், சத்தத்துல இருந்து இறங்குற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன், கூட இருக்கிறவனுங்க "என்னடா காதுல"ன்னு கிண்டல் பண்றானுங்களாம், சாமி பாட்டு கேக்குறேன்னு சொல்லிச் சமாளிக்கிறானாம்.

ஆவணியில சங்கத்து ஆண்டுக் கூட்டம் வைப்பீங்க. வருசா வருசம் கண் டாக்டரு வருவாரு, சுகர் டெஸ்ட் எடுப்பீங்க. இந்த வருசம் காது டெஸ்ட் எடுக்கிற ஆளுங்களையும் கூப்பிடுங்க, நானே பேசி வச்சிருக்கேன், ஒரு நாள் வர்றோம்னு சொல்லியிருக்காங்க. மண்டபத்துல பின்னாடி கடைசி ரூமை அவங்களுக்குக் கொடுங்க, ஃபேனை ஆஃப் பண்ணணும், ஜெனரேட்டரைத் தெருப் பக்கம் தள்ளி வச்சிருங்க. கூட்டத்துக்கு மைக் செட்டு நானே போடுறேன், காசு வேணாம். அந்த ரூம் பக்கம் மட்டும் யாரும் பாக்ஸ் வச்சிராதீங்க, வாசல்ல ரெண்டு சின்ன டாப் ஸ்பீக்கர் போதும்.

இப்படிக்கு,
உங்க பழைய குழா கட்டுற பையன்